குதிரைமுட்டி வளைவு

உக்காருங்க சார், ஜன்னலோரமே உக்காருங்க. எனக்கு இந்த மலையில வேடிக்கை பாக்க ஒண்ணும் பாக்கி இல்ல. முகட்டுப்பேட்டைக்குத்தானே? ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்ப ஓட்டுறவர் நல்லா ஓட்டுவார். கியர் மாத்தும்போது மட்டும் ஒரு முரட்டுத்தனம். இஞ்சின் பலமா இருக்குற தைரியம், வேறென்ன.

என்ன சோலியா போறீங்க? ... பஞ்சாயத்து ஆபீசா? பழைய ரிக்கார்டு பாக்கவா? ... ஓகோ. ஜப்பான் சண்டைக் காலத்துல முகட்டுப்பேட்டை எப்படி இருந்துச்சுன்னு எழுதப் போறீங்க. நல்லது சார். ரொம்ப நல்லது. ஆனா ஆபீஸ்ல என்ன இருக்கும்? கரையான் தின்னது போக நாலு தாள் இருக்கும். என்னைக் கேளுங்க. நான் அப்ப இந்த ரூட்டுல பஸ் ஓட்டினவன். பேரு பொன்னுரங்கம். எழுதிக்கங்க, இப்பவே எழுதிக்கங்க, பின்னாடி மறந்துருவீங்க.

எதுக்குச் சொல்றேன்னா, ஊருக்கு நூறு வருஷம் ஆச்சுன்னு ஒரு மலர் போட்டாங்க. படமெல்லாம் போட்டு, வழவழன்னு. பாத்தீங்களா? அதுல சண்டைக் காலத்துக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்துல ஒரு வரி. 'கரிக்காரர் அந்தோணிமுத்து தன் உயிரைக் கொடுத்து முப்பத்தெட்டு பயணிகளைக் காப்பாற்றினார்.' முடிஞ்சுபோச்சு. சரி, காப்பாத்தினார், நான் இல்லைங்கல. ஆனா அந்த பஸ்ஸை ஓட்டினது யாரு? பஸ் தானா மலை ஏறுச்சா? ஒரு பேரு போட எவ்வளவு இடம் ஆகும் சார்? ஆபீசுக்கு மூணு மனு அனுப்பினேன். பதில் இல்ல.

கோபமெல்லாம் இல்ல. இந்த வயசுல என்ன கோபம்.

நாப்பத்திரண்டு சித்திரை. அதுக்கு முன்னால வரைக்கும் முகட்டுப்பேட்டையில சண்டைன்னா என்ன? மண்ணெண்ணெய்க்கு வரிசை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வாரத்துக்கு ஒருக்கா ஒரு லாரி. அடிபட்ட வெள்ளைக்கார சிப்பாய்ங்க நீல உடுப்பு போட்டுக்கிட்டு ஏரிப்பக்கம் நொண்டி நொண்டி நடப்பாங்க, அவ்வளவுதான். சந்தைத் திடல்ல குண்டு விழுந்தா ஒளியுறதுக்குன்னு நீளமா ஒரு குழி வெட்டினாங்க. கோடை மழை பேஞ்சு தண்ணி நின்னு, தவளை கத்துச்சு. சைரன் ஒத்திகைக்கு ஊதினா எவனும் குழிக்குள்ள எறங்க மாட்டான். தவளைக்குப் பயந்து.

அப்புறம்தான் விசாகப்பட்டணத்துல குண்டு விழுந்துச்சு. மறு வாரமே மெட்ராஸ் காலி. இருக்கப்பட்டவன் பூராவும் மலைக்கு. முகட்டுப்பேட்டையில ஒரு வீடு பாக்கி இல்ல. மாட்டுக்கொட்டகையை வெள்ளையடிச்சு வாடகைக்கு விட்டாங்க. எங்க முதலாளிகிட்ட இருந்தது ரெண்டே பஸ். பெட்ரோலுக்கு ரேஷன். அதனால ரெண்டையும் கரி பஸ்ஸா மாத்திட்டாரு.

கரி பஸ் பாத்திருக்கீங்களா? நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க. பின்னால ஒரு பெரிய டிரம். அதுல அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, கைப்பிடியால விசிறியைச் சுத்தோ சுத்துன்னு சுத்தினா ஒரு வாயு வரும். அந்த வாயுவுலதான் இஞ்சின் ஓடும். ஓடும்னா எப்படி? சமதரையில ஓடும். மேட்டுல மூச்சு வாங்கும். செங்குத்துல நின்னுரும். அதனால டிரம்மைப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். பின்னால ஒரு பலகைப் படி, அதுலயே நின்னுக்கிட்டு வருவாரு. பஸ் பின்வாங்கினா குதிச்சு சக்கரத்துக்கு அடியில கட்டை போடணும். அவருதான் கரிக்காரர். எங்க பஸ்ஸுக்கு அந்தோணிமுத்தண்ணன்.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு. அவருக்கு நாப்பது தாண்டியிருக்கும். மூணு பிள்ளைங்க. ஆளு கரியே உருவா இருப்பாரு, பல்லு மட்டும் வெள்ளை. வாய் ஓயாது. பின்னால நின்னுக்கிட்டே முன்னால இருக்குற எனக்குக் கேக்குற மாதிரி கத்திப் பேசிக்கிட்டே வருவாரு. 'பொன்னு, ரெண்டாவதுக்கு மாத்து.' 'பொன்னு, வாயு வந்துருச்சு, அழுத்து.' 'பொன்னு, எதிர்ல மாடு.' ஓட்டுறவன் நானா அவரா? ஆனா எனக்கு அவர் மேல பிரியம்தான் சார். அவர் வீட்டுல நான் சாப்பிடாத ஞாயித்துக்கிழமை கிடையாது. அவர் சம்சாரம் சவேரியம்மாவை நான் மதினின்னுதான் கூப்பிடுவேன்.

இப்ப ஏழாவது வளைவு வருது பாருங்க. பாத்தீங்களா, ஹாரனே அடிக்காம திருப்புறாரு. நானா இருந்தா ரெண்டு தடவை அடிப்பேன்.

பதினொண்ணாவது வளைவுக்குப் பேரு குதிரைமுட்டி. அந்தக் காலத்துல குதிரை வண்டி வரும்போது குதிரை முட்டி போட்டுருமாம், அவ்வளவு செங்குத்து. இப்ப ரோட்டை அகலப்படுத்திட்டாங்க, உங்களுக்குத் தெரியாது. அங்க எங்களுக்கு ஒரு சட்டம். வளைவுக்கு முன்னால பஸ்ஸை நிப்பாட்டி எல்லாரையும் எறக்கிவிட்டுறணும். அவங்க நடந்து மேல போயிருவாங்க. பஸ் காலியா ஏறும். அண்ணன் கட்டையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே நடந்து வருவாரு. மேல போய் எல்லாரும் ஏறிக்கணும். வெள்ளைக்கார கலெக்டரே ஒருக்கா எறங்கி நடந்தாரு.

அன்னைக்கு எனக்கு அது மூணாவது நடை. பஸ்ல முப்பத்தெட்டு பேரு. மேல தகரப்பெட்டி, பித்தளைக் குடம், ஒரு தையல் மிஷின். தூத்தல் வேற. முன் சீட்டுல, எனக்குச் சரியா பின்னால, ஒரு பொம்பளை. முப்பது வயசு இருக்கும். மடியில நாலு வயசுப் பொண்ணு. மெட்ராஸ்காரங்க மாதிரி இல்ல, மூட்டை முடிச்சு ஒண்ணும் கிடையாது. பாதத்துல பூரா வெடிப்பு, புண்ணு ஆறின தழும்பு. பர்மாவுல இருந்து நடந்தே வந்தவங்கன்னு கண்டக்டர் சொன்னான். புருசன் ரங்கூன் குண்டுவீச்சுல போயிட்டாரு. கொழுந்தன் இங்க காப்பித் தோட்டத்துல வேலை, அவர்கிட்டப் போறாங்க. பேரு வள்ளிக்கண்ணு. வழி பூராவும் என் பிடரியவே பாத்துக்கிட்டு வந்தாங்க. டிரைவருக்கு அது தெரியும் சார், யாரு பிடரியப் பாக்குறாங்கன்னு.

குதிரைமுட்டிக்கு முன்னால நிப்பாட்டினேன். 'எல்லாரும் எறங்குங்க'ன்னேன். நடு சீட்டுல ஒரு மெட்ராஸ் வக்கீல். 'மழை பெய்யுது, எங்க அம்மாவுக்கு மூட்டுவலி, எறங்க முடியாது'ன்னாரு. அவர் எறங்கலைன்னதும் மத்தவங்களும் எறங்கல. அப்ப அவர் ஒண்ணு சொன்னாரு. 'டிரைவர் சார், உங்க கையில வண்டி பூ மாதிரி வருது. நீங்க நினைச்சா ஏத்திருவீங்க.' சார்னு என்னை ஒருத்தர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முதலாளி ஏலேன்னு கூப்பிடுவாரு. அண்ணன் பொன்னும்பாரு.

பின்னால இருந்து அண்ணன் கத்துறாரு. 'பொன்னு, எறக்கிவிடு! கரி நனைஞ்சிருக்கு, வாயு பத்தாது!'

நான் சொன்னேன், 'ஏத்திரலாம்ண்ணே.'

'டேய், வேணாம்டா!'

'ஏத்திரலாம்ண்ணே, நீங்க சுத்துங்க'ன்னேன்.

இதுல என் தப்பு என்ன இருக்கு? மழையில ஒரு வயசானவங்களை எறக்கிவிடச் சொல்றீங்களா? அந்த வக்கீலைக் கேக்கணும். அவர் எறங்கியிருந்தா எல்லாரும் எறங்கியிருப்பாங்க. மலர்ல அவர் பேரும் இல்ல, அது வேற.

முக்கால் வளைவு ஏறிட்டேன் சார். முக்கால்! இன்னும் பத்து கஜம். அங்க போய் இஞ்சின் ஒரு இருமல் இருமிச்சு. அடங்கிருச்சு. பிரேக்கை மிதிச்சேன். ஈரம். பிடிக்கல. வண்டி பின்னால நகர ஆரம்பிச்சுச்சு. மெதுவாத்தான் நகருச்சு. முதல்ல மெதுவாத்தான் இருக்கும். பின்னால வளைவோட கைப்பிடிச் சுவரு, முழங்கால் உயரம். அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது, மரத்து உச்சிதான் தெரியும்.

நான் கைபிரேக்கை இழுத்தேன். இழுத்துட்டுத்தான் எறங்கினேன்.

குதிச்சான்னு சொல்றாங்க சார் ஊருல. நாப்பது வருஷமா சொல்றாங்க. குதிக்கல. எறங்கினேன். எறங்குறதுக்கும் குதிக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லையா? எதுக்கு எறங்கினேன்? அண்ணனுக்குக் கட்டை போட ஒத்தாசை பண்ண. சீட்டுல உக்காந்துக்கிட்டே கட்டை போட முடியுமா? வலது பக்கம் கதவு, வலது பக்கம்தான் மலை, அந்தப் பக்கம் எறங்கினேன். எறங்கும்போது கணுக்கால் பிசகிருச்சு. ஒரு மாசம் பத்துப் போட்டுக்கிட்டு நொண்டினேன். அதை ஒரு பய கேக்கல.

அண்ணன் கட்டையைப் போட்டிருக்காரு. ஈரத்துல வழுக்கிருச்சு. மறுபடி எடுத்துப் போட்டிருக்காரு. போட்டுட்டு நகர்ந்திருக்கலாம். நகரல. தோளைக் கொடுத்து கட்டையை அழுத்திக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. சக்கரம் கட்டை மேல ஏறி, அவர் மேல ஏறி, நின்னுச்சு. பின்னால பலகைப் படிக்கும் சுவருக்கும் ஒரு முழம். முப்பத்தெட்டு பேருல ஒருத்தருக்குக் கீறல் இல்ல.

நான் மறுபடி ஏறினேன் சார். அதை யாரும் சொல்றதில்ல. வண்டி நின்னதும் நான்தான் ஓடிப்போய் சீட்டுல ஏறி பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்காந்தேன். எல்லாரும் எறங்குற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அவரைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருந்தேன். காலை எடுன்னு நாலு பேரு சொல்லியும் எடுக்கல.

... இருங்க. இது பத்தாவதா? பத்தாவதுதான். அடுத்தது குதிரைமுட்டி. ஒரு நிமிஷம் சார்.

...

தாண்டிருச்சா? சரி. ஒண்ணுமில்ல, இந்த வளைவுல எனக்குத் தலை சுத்தும். வயசாச்சுல்ல. ஒரு வெத்திலை போட்டுக்கிறேன்.

அடுத்த மாசம் மேஜிஸ்திரேட்டு விசாரணை. அதைத்தான் நீங்க ரிக்கார்டுல பாக்கணும். தேடிப் பாருங்க, கட்டாயம் இருக்கும். மெக்கானிக்கு வந்து, கைபிரேக்கு இழுக்கல, கீழதான் கெடந்துச்சுன்னான். அம்புட்டு குலுக்கல்ல இழுத்த பிரேக்கு விழாதா? வக்கீல் வந்தாரு. நடு சீட்டுல இருந்தேன், டிரைவர் தலை தெரியலைன்னாரு. அன்னைக்கு டிரைவர் சார்ன்னவரு, இன்னைக்கு 'அந்த ஆளு'ங்குறாரு. உள்ள போட்டிருப்பாங்க சார். லைசென்சு போயிருக்கும், ஜெயிலும் உண்டு.

கடைசியில வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டாங்க. அவங்கதானே சரியா எனக்குப் பின்னால இருந்தது. அந்தப் பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டே வந்து நின்னாங்க. 'வண்டி பின்வாங்கும்போது டிரைவர் எங்கே இருந்தார்?'னு மேஜிஸ்திரேட்டு கேட்டாரு.

'சீட்டுல இருந்தாரு.'

'கடைசி வரைக்குமா?'

'கடைசி வரைக்கும்.'

'நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. நீ கண்ணால பாத்தியா?'

'பாத்தேன். அவர் எங்கயும் போகல.'

அவ்வளவுதான். கேஸ் தள்ளுபடி. எழுதிக்கங்க சார், சாட்சி வள்ளிக்கண்ணு, டிரைவர் கடைசி வரைக்கும் சீட்டுல இருந்தார். சர்க்கார் தாள்ல இருக்கு. அதைவிடவா ஊரு வாய் பெருசு?

என்ன பாக்குறீங்க? ... ஆமா, நான் எறங்கினேன்னுதான் சொன்னேன். கட்டை போட எறங்கினேன். அவங்களுக்கு அந்தப் பதட்டத்துல சரியா தெரிஞ்சிருக்காது. ஆனா அவங்க சொன்னதுதான் செல்லும். கோர்ட்டுல சொன்னது.

வெளிய வந்து, கோர்ட்டுக்கு எதிர்ல தைல மரத்தடியில நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் நொண்டிக்கிட்டே போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். 'அம்மா, நீங்க நல்லா இருக்கணும். உண்மையைச் சொன்னீங்க'ன்னேன்.

அவங்க என்னைப் பாத்தாங்க. அப்பதான் முதல் தடவையா முகத்தைப் பாக்குறாங்க. சொன்னாங்க, 'பர்மாவுல இருந்து வர்ற வழியில எங்க மாமியாருக்குக் கால் வீங்கிப்போச்சு. நடக்க முடியல. ஒரு மரத்தடியில உக்கார வச்சு, தண்ணி கொண்டாறேன்னு சொல்லிட்டு ஓடைக்கு எறங்கினேன். ஓடையைத் தாண்டி அப்படியே புள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டேன். கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப தூரம் கேட்டுச்சு.'

கும்பிட்ட கையை எறக்கினேன்.

'என்னை யாரும் நிக்க வச்சுக் கேக்கல'ன்னாங்க. 'உங்களைக் கேக்கும்போது என்னைக் கேக்குற மாதிரி இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன். உங்களுக்காகச் சொல்லல.'

பாவம் சார். அம்புட்டு தூரம் நடந்து வந்ததுல புத்தி கொஞ்சம் பேதலிச்சிருச்சு. கேஸுக்கும் மாமியாருக்கும் என்ன சம்பந்தம்? ஓடைக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இதை நீங்க எழுத வேண்டாம். சாட்சியை மட்டும் எழுதுங்க.

அதுக்கப்புறம் நான் மலை ரூட்டுல ஓட்டல. முதலாளி ஓட்டச் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். கணுக்காலு. கீழ ஒரு அரிசி மில்லுல லாரி ஓட்டினேன். அப்புறம் செங்கல் சூளைக்கு. அப்புறம் ஈரோட்டுல ஒரு மஞ்சள் மண்டிக்கு. ஒரு எடத்துல ரெண்டு வருஷம் சேந்தாப்புல இருந்ததில்ல. வீடு பதினோரு வீடு மாத்தியாச்சு. எங்க வீட்டுக்காரி சொல்லுவா, உங்களுக்குக் கால்ல வெந்நியை ஊத்தியிருக்குன்னு. ஏதோ ஒரு பரபரப்பு சார். உக்காந்தா நிக்கணும்போல இருக்கும், நின்னா போகணும்போல இருக்கும். டாக்டர்கிட்டக் காட்டினேன். ரத்தக் கொதிப்புன்னு ஒரு மாத்திரை கொடுத்தாரு.

சவேரியம்மா மதினியை நான் போய்ப் பாக்கல. போயிருக்கணும். போகணும் போகணும்னே மூணு வருஷம் ஓடிப்போச்சு. சண்டை முடிஞ்சுச்சு. முகட்டுப்பேட்டையில தெருவுக்குத் தெரு விளக்கு வச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொடுத்தாங்களாம். மெட்ராஸ்காரங்க அதுக்கு எத்தனையோ முன்னாடியே எறங்கிப் போயிட்டாங்க. அப்ப ஒரு நாள் மத்தியானம் மில்லு வாசல்ல மதினி நிக்கிறாங்க. வெள்ளைச் சேலை. தலை பாதி நரைச்சுப் போச்சு. மலையில இருந்து பஸ் ஏறி வந்திருக்காங்க, என்னைத் தேடிக்கிட்டு.

திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டினா நல்லா இருந்திருக்கும். மில்லுக்கு எதிர்ல கடையில காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிச்சாங்க. பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். பெரியவன் தையல் கத்துக்கிறான்னாங்க. அப்புறம் டம்ளரைக் கீழ வச்சுட்டுக் கேட்டாங்க.

'தம்பி, உங்களைக் குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. பஸ்ல இருந்தவங்க யாரும் எங்க சனம் இல்ல. உங்களைத்தான் கேக்க முடியும். அவரு கடைசியா ஏதாவது சொன்னாரா?'

'ஒண்ணும் சொல்லல மதினி'ன்னேன். 'பேசுறதுக்கு நேரமில்ல.'

'அவருக்கா பேச நேரமில்ல?'ன்னாங்க. 'தூக்கத்துல கூட பேசுற மனுசன்.' எந்திரிச்சு சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாங்க. பஸ் ஏத்திவிடுறேன்னு கூடவே போனேன். 'வேணாம் தம்பி, எனக்கு வழி தெரியும்'னுட்டாங்க. அதான் கடைசி. போன மாசிக்கு முந்தின மாசி எறந்துட்டாங்க. தாக்கல் வந்துச்சு. நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க.

நோட்டை மூடிருங்க சார். பேனாவையும் வைங்க. ஊரு வந்துருச்சு, அதோ கோயில் கோபுரம் தெரியுது பாருங்க. இது எழுதுறதுக்கு இல்ல. வருஷக்கணக்கா உள்ளுக்குள்ளயே உருண்டுக்கிட்டு இருக்கு, ஒரு ஞாயம் கேக்க ஆள் இல்ல. நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க.

அவரு சொன்னாரு சார். கத்தினாரு. கட்டையை அழுத்திக்கிட்டு, சக்கரத்துக்குக் கீழ இருந்து கத்தினாரு. 'பொன்னு, எறங்காதே! எறங்காதடா பொன்னு!'

ஆனா அவரு அதைச் சொல்லும்போது நான் ரோட்டுல நின்னுக்கிட்டு இருக்கேன். ஏற்கெனவே நிக்கிறேன். அவருக்குப் பின்னால இருந்து தெரியல, நான் சீட்டுலதான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்றாரு. முன்னமே சொல்லியிருந்தா இருந்திருப்பேனா இல்லையா? எறங்கி முடிச்சவன்கிட்ட எறங்காதேன்னா, அவன் எப்படி சார் எறங்காம இருக்குறது?